அண்ணன் வைக்கச் சொன்ன ஓட்டை

அண்ணனால் குனிய முடியாது. குனிந்தால் இருமல் வரும், வந்தால் கால் மணி நேரத்துக்கு விடாது. அதனால் கைத்தடியின் நுனியில் ஒரு சாக்பீஸை வைத்து நூல் சுற்றிக் கட்டிக்கொண்டார். நின்றபடியே எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் கோடு போட ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. மார்கழி பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டலுக்குக் குளிர் முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் தலையில் குரங்குக் குல்லா, அதன் மேல் மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

"இது வாய், மூணு அடி அகலம். இது ஆழம். இங்கேருந்து கழுத்து மேல போவுது" என்று தடியால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"பெரியப்பா, கிரிக்கெட் பிட்ச் போடறீங்களா?" என்றான் என் மகன் பிரவீன்.

"ஆமாண்டா. உங்கப்பனை நடுவுல நிக்க வெச்சி நெஞ்சுக்கு நேரா பால் போடப் போறேன். அப்பவாச்சும் பயம் தெளியுதான்னு பாக்கலாம்."

அண்ணியும் என் மனைவி கஸ்தூரியும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து சமையல்கட்டில் இருக்கும் கேஸ் சிலிண்டர் எத்தனை அடி தூரம் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில், போன வாரம் சுரங்கத்தின் லேம்ப் ரூமில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு எங்கள் லைன் வீட்டு வரிசையில் ஒருவர், "இன்னா ஏழுமலை, உங்கண்ணனைப் பத்தி எழுதவே காணோமே" என்று கேட்டார். எழுதவில்லைதான். எங்கே தொடங்கினாலும் அது அவர் தரையில் கோடு போட்ட இந்தக் கணப்பு அடுப்பில்தான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். அது தப்பாகிவிட்டது என்று எங்கள் லைன் முழுக்கப் பேச்சு. அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டு போனார். தப்பு எங்கே என்று போன மாசம் வரைக்கும் தெரிந்த ஒரே ஆள் நான்.

அதனால் இத்தனை வாரமும் சுற்றிச் சுற்றிப் போனேன். இந்த வாரம் முடியாது.

இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர்

எங்கள் வீடு மைன்ஸ்காரர்கள் கட்டிக் கொடுத்த லைன் வீடு. ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். ஒரு வீடு அண்ணன் பெருமாளுடையது, அடுத்தது என்னுடையது. நடுவில் ஒரு சுவர்தான். அவர் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் என் டம்ளரில் தண்ணீர் அசைகிற மாதிரி இருக்கும்.

பிரவீன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். காலையில் ரயில் ஏறிப் போய், இருட்டின பிறகு வருகிறான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கும் இவன்தான் பிள்ளை. அவன்தான் சொன்னான்: "நடு சுவரை எடுத்துடலாம். ரெண்டு வீட்டையும் ஒண்ணா பண்ணிடலாம். ஆளுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க."

கஸ்தூரி கிரானைட் மேடை கேட்டாள். அண்ணி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுகிற மாதிரி கக்கூஸ் கேட்டார், அண்ணனின் முழங்காலுக்காக. நான் ஒன்றும் கேட்கவில்லை. நடு சுவரை எடுத்தால் கூரை இறங்காதா என்று மட்டும் நாலு தடவை கேட்டேன்.

கடைசியாக அண்ணன் சொன்னார்.

"எனக்கு ஒரு பங்களா அடுப்பு வேணும்."

எங்கள் ஊரில் ஃபயர்பிளேஸுக்கு அதுதான் பெயர். மேட்டில் இருக்கும் ஆபீசர் பங்களாக்களில் வரவேற்பறைச் சுவரில் பொந்து மாதிரி இருக்கும். அதில் கட்டை எரியும். புகை சுவருக்குள்ளேயே ஏறிக் கூரை வழியாகப் போய்விடும். லைன் வீட்டில் யாரும் அதை வைத்ததில்லை. வைக்கலாம் என்று யோசித்ததும் இல்லை.

பங்களாவில் பத்து நிமிஷம்

அண்ணனுக்கு அந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இந்தக் கதையை அவர் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அவர் மைன்ஸில் வென்டிலேஷன் ஆள். சுரங்கத்துக்குள் காற்று எந்த ஷாஃப்ட் வழியாக இறங்குகிறது, எந்த லெவலில் திரும்புகிறது, எங்கே ஏறி வெளியே வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ப கதவும் தடுப்பும் வைக்கிற வேலை. போகும் வழியில் சுவரில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவார்கள், காற்று இந்தப் பக்கம் என்று. "காத்து தானா மேல ஏறாது. ஒரு பக்கம் இறங்கினாத்தான் இன்னொரு பக்கம் ஏறும்" என்பார். அவர் படித்த படிப்பு மொத்தமும் அதுதான்.

ஒரு குளிர்காலத்தில் ஆபீசர் ஒருவர் வீட்டு அடுப்பு புகைகிறது என்று ஆள் அனுப்பினார்கள். கொத்தனார் வந்து சிம்னியைச் சுத்தம் செய்து பார்த்தாயிற்று. புகை அறைக்குள்ளேதான் வந்தது. காற்று பார்க்கிறவன் யாராவது வரட்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

அண்ணன் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாராம். பீடிப் புகை எங்கேயும் சாயவில்லை. அப்படியே நின்றது. ஜன்னலைப் பார்த்தார். சந்து பொந்தெல்லாம் துணி திணித்திருந்தது.

காரணம் எங்கள் சயனைட் மேடு. சயனைட் போட்டுத் தங்கம் எடுத்த பிறகு மிச்சமான மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். காற்று கிளம்பினால் அந்தச் சாம்பல் நிற மண் மாவு மாதிரி பறந்து வந்து சோற்றில் விழும், கண்ணில் விழும். கதவிடுக்கில் துணி வைக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. பங்களாவிலும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

அண்ணன் ஒரு ஜன்னலில் இருந்த துணியை உருவினார். அவ்வளவுதான். புகை திரும்பிச் சிம்னிக்குள் போனது.

அந்த ஆபீசர் வீட்டம்மா சந்தோஷத்தில் டீ கொடுத்து, அடுப்புக்கு முன்னாலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்களாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஈர சாக்ஸிலிருந்து ஆவி கிளம்பியதாம். பத்து நிமிஷம்.

"அந்தப் பத்து நிமிஷம் மாதிரி இன்னொரு தபா உக்காரணும்டா ஏழு" என்பார்.

சுரங்கத்துக்கு அடியில் முப்பது வருஷம் வெந்தவர் அவர். கீழே போகப் போகப் பாறையே கொதிக்கும், ஆட்கள் கோவணத்தோடுதான் வேலை செய்வார்கள். மைன்ஸ் மூடி மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் குளிர் அவரைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சில் கல்தூசு வேறு. டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும், புகை பக்கம் போகக் கூடாது. அண்ணன் முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டாவது வார்த்தையை.

கரண்ட் நெருப்பு

திட்டம் போடுவதிலேயே ஒரு மாசம் போனது. பிரவீன் போனில் படம் காட்டினான். சுவரில் மாட்டுகிற ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் ஆடும், கீழே வெயில் காற்று மாதிரி சூடு வரும்.

"இது எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் பெரியப்பா. புகையே கிடையாது. ரிமோட்டு."

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நெருப்பையே படம் புடிச்சி காட்டறானா? அப்ப சோத்தையும் படம் புடிச்சி காட்டு, உங்கம்மாவுக்கு வேலை மிச்சம்."

"கரண்ட் போனா அணைஞ்சிடும்" என்றேன் நானும், அண்ணன் பக்கம் பேசுகிற மாதிரி. உண்மையில் அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

கொத்து மேஸ்திரி நாகராஜ் வந்தார். அவர் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "ஆகல்லா சார், லைன் வீட்டுக்கு இதெல்லாம் ஆகாது" என்றார்.

"உனக்கு ஆகாதா, வீட்டுக்கு ஆகாதா?" என்றார் அண்ணன்.

பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணனிடம் எல்லா அளவும் இருந்தது. அடுப்பு வாய் எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு சிம்னியின் கழுத்து. சிம்னி தலை கூரை முகட்டுக்கு மேல் இரண்டு அடி நிற்க வேண்டும். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். அதைச் சொல்லும்போது தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"அடுப்பு பக்கத்துல தரையோட தரையா ஒரு ஓட்டை வை. நாலு அங்குலம். வெளிய இருந்து காத்து உள்ள வரணும்."

"இன்னாத்துக்குண்ணா?" என்றேன்.

"பழைய வூடா இருந்தா ஓட்டையே வேணாம். வூடே ஓட்டைதான். இப்போ பிரவீனு ரப்பர் வெச்ச ஜன்னல் போடறான், மேல அட்டை வெச்சி சீலிங் அடிக்கறான். டப்பாவாட்டம் ஆயிடும். உள்ள வர காத்துக்கு வழி இல்லன்னா புகைக்கும் வழி இல்ல."

ஓட்டை எந்தச் சுவரில் என்றும் அவரே சொன்னார். மேற்குச் சுவர். காற்று அந்தப் பக்கம் இருந்துதான் அடிக்கும், நன்றாகத் தள்ளும் என்றார். மேற்குச் சுவருக்கு நேர் எதிரே சயனைட் மேடு.



பூச்சு வேலை நடந்த அன்று, வெளிச்சுவரில் ஈரம் காய்வதற்குள் அண்ணன் தடி நுனியால் ஒரு அம்புக்குறி கீறினார். ஓட்டைக்குச் சரியாக மேலே, ஓட்டையைக் காட்டுகிற மாதிரி. மைன்ஸில் போடுவது போலவே. "இனிமே யாரும் அடைக்க மாட்டான்" என்றார்.

எண்ணினவன் சொன்னால்

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் அப்பா, நைனாவுக்குச் சுரங்கத்தில் காலில் அடிபட்டதும் என்னை லேம்ப் ரூமில் சேர்த்துவிட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தலை விளக்கை வாங்கிப் போவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்வான். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் கொக்கியிலேயே தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

பயந்தவனுக்கு ஏற்ற வேலை. நான் மூன்று தடவை எண்ணுவேன். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பி வந்து எண்ணியிருக்கிறேன். அண்ணனின் டோக்கன் கொக்கியை விட்டுப் போகிற வரைக்கும் டீ குடிக்க மாட்டேன்.

ஆட்கள் கேலி செய்வார்கள். ஆனால் நம்புவார்கள். "ஏழுமலை பாத்துட்டானா? அப்ப சரி" என்பதுதான் பேச்சு. அந்த ஒரு மரியாதையைத்தான் நான் வாழ்க்கையில் சம்பாதித்தேன்.

ஜாலிக்குப் பின்னால்

வேலை முடிந்தது. நடு சுவர் போய் ஒரே கூடம். புது டைல்ஸ், புது ஜன்னல். கூடத்தின் மேற்குச் சுவரில் செங்கல் வளைவோடு அண்ணனின் கணப்பு. பக்கத்தில் தரையோடு ஒட்டி, ஓட்டைக்கு முன்னால் ஒரு சின்ன இரும்புக் கம்பிவலை, ஜாலி என்போம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பற்ற வைப்பதாக ஏற்பாடு. லைனில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை காற்று கிளம்பியது. சயனைட் மேட்டிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி மண் பறந்தது. நடுப்பகலில் வீட்டில் யாரும் இல்லை. அண்ணனும் அண்ணியும் மாத்திரை வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தார்கள், கஸ்தூரி மார்க்கெட்டுக்கு, பிரவீன் வேலைக்கு. நான் ஜாலி முன்னால் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். விரல் நுனியில் சாம்பல் நிறத் தூசி.

அண்ணன் நாளைக்கு இதன் பக்கத்தில்தான் கால் நீட்டி உட்காரப் போகிறார். இந்தத் தூசி நேராக அவர் நெஞ்சுக்குள்தான் போகும். அதோடு எலி வரும். பாம்பு வரும். மழைத் தண்ணீர் வரும். என் தலைக்குள் ஒவ்வொன்றாக வரிசை கட்டி வந்தன.

ஜாலியைக் கழற்றினேன். ஒரு சிமெண்டுச் சாக்கைக் கிழித்துச் சுருட்டி உள்ளே திணித்தேன். மிச்சம் இருந்த சிமெண்டைக் குழைத்து அதன் மேல் பூசினேன். ஜாலியைத் திரும்ப மாட்டினேன். வெளியே இருந்து பார்த்தாலும் தெரியாது, உள்ளே இருந்து பார்த்தாலும் தெரியாது. குனிந்து, ஜாலிக்குள் டார்ச் அடித்தால் மட்டும் தெரியும்.

பங்களாக் கதையை நூறு தடவை கேட்டவன் நான். ஜன்னலில் துணி திணித்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. கேட்டுக் கேட்டு அந்தக் கதை எனக்கு வெறும் சத்தமாகிவிட்டது போலிருக்கிறது.

அண்ணனுக்காகத்தான் அடைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுசும் உண்மை இல்லை. அடைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் அடைத்தேன்.

பார்க்க வந்தவர்கள்

ஞாயிறு சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, குரங்குக் குல்லாவைக் கழற்றி, தலை வாரியிருந்தார். பிரம்பு நாற்காலியை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஜன்னலெல்லாம் மூடுங்க. தூசி வருது. காத்து வழிய நான் தனியா வெச்சிக்கீறேன்" என்றார். அந்தக் குரலில் ஒரு பெருமை.

பிரவீன் காகிதம் வைத்து, மேலே நீலகிரிச் சுள்ளி வைத்துப் பற்ற வைத்தான். தைல வாசனை வந்தது. சுள்ளி படபடவென்று பிடித்தது. புகை கொஞ்ச தூரம் மேலே போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்புறம் புகை நின்றது. பால் பொங்கி வழிகிற மாதிரி செங்கல் வளைவுக்குக் கீழே உருண்டு வெளியே வந்தது.

"இரு, இரு, சூடேறட்டும், புகைய இஸ்துக்கும்" என்றார் அண்ணன். அதற்குள் அவருக்கு இருமல் பிடித்துவிட்டது. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு வந்து அப்படியே நெருப்பில் ஊற்றினார். புது டைல்ஸ் முழுக்கக் கறுப்புத் தண்ணீர்.

"பெருமாளண்ணே, இது பங்களா அடுப்பா, கொசு மருந்து வண்டியா?" என்று வாசலில் ஒருவர் கேட்க, ஒரே சிரிப்பு.

பிரவீன் அண்ணனைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தான். அண்ணி கையில் காலிக் குடத்தோடு நின்றபடி கத்தினார்: "தலைபாடா அடிச்சிகினேன். கேட்டாத்தான? பெரிய இன்ஜினீரு. இருக்கிற ரவ நெஞ்சையும் கரியாக்கிகினு இன்னா கணக்கு வேண்டிக் கீது?"

ஒரு பொய்

இருமல் அடங்க அரை மணி நேரம் ஆனது. அண்ணன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏழு. ஓட்டை திறந்துதான கீது? எனக்குக் குனிய முடியல. நீ போய்ப் பாத்துட்டு வா."

போனேன். ஈரச் சாம்பல் வாசனைக்கு நடுவில் மண்டியிட்டேன். ஜாலிக்குள் பார்த்தேன். என் கைப் பூச்சு, இன்னும் முழுசாகக் காயாமல், அங்கே இருந்தது.

அப்போதே விரலை விட்டுத் தோண்டியிருக்கலாம். வெளியே வந்து சொல்லியிருக்கலாம். அண்ணன் திட்டியிருப்பார், பிரவீன் தலையில் அடித்துக்கொண்டிருப்பான், லைனில் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்து.

வெளியே வந்தேன்.

"திறந்துதான் கீதுண்ணா."

அண்ணன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. "நீ பாத்தா சரி" என்றார். தடியின் நுனியைப் பார்த்தார். "அப்போ என் கணக்குதான் தப்பு."

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவர் காலியான மாத்திரை டப்பாவைப் பிரித்து உள்பக்கத்தில் அளவு போட்டுக்கொண்டிருந்தார். "பத்துல ஒண்ணா, எட்டுல ஒண்ணாடா?" என்று என்னைக் கேட்டார். "எனக்கு இன்னாண்ணா தெரியும்" என்றேன். அதற்கு அடுத்த நாளும் ஒரு டப்பா. சொன்னால் இப்போது ஓட்டையை அடைத்ததை மட்டும் அல்ல, பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆகச் சுமை கூடிக்கொண்டே போனது.

தை போயிற்று, மாசி போயிற்று. வெயில் வந்ததும் அண்ணன் அளவு போடுவதை விட்டுவிட்டார். நாற்காலியைக் கணப்புக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். வீட்டில் எது கெட்டுப் போனாலும், மிக்ஸி ஓடாவிட்டாலும், "பெரியப்பா சிம்னி மாதிரி" என்பது பழக்கமாகிவிட்டது. அவரும் சிரிப்பார். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு காலையும் பின்பக்கக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவேன். சுவரில் அந்த அம்புக்குறி இருக்கும். பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

ஆடிக் காற்றில் அவருக்கு முடியாமல் போய் கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்தில் நான் மட்டும் இருந்த ஒரு மத்தியானம், "அண்ணா, அந்த ஓட்டை விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

அவர் மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "வுடு ஏழு" என்றார். "வயசாயிடிச்சி. தப்பா போட்டுட்டேன். நீ ஏன் அதையே நெனச்சிகினு கீறே?"

எனக்கு ஆறுதல் சொன்னார். நகர்ந்த குழாயைத் திரும்பச் சரியாக வைத்துவிட்டேன். நாலைந்து நாளில் போய்விட்டார்.

ஷூ ரேக்

பிரவீனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம். கூடத்தைச் சரி செய்ய வேண்டும் என்று போன மாசம் ஒரு ஞாயிறு நாகராஜ் மேஸ்திரியை மறுபடி வரச் சொன்னான். கணப்பை அடைத்து, அந்த இடத்தில் ஷூ ரேக் வைத்த அலமாரி.

நாகராஜ் டேப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன் சார், ஆகல்லான்னு. பெருமாள் சார் கேக்கல."

"மூடிடலாம் மேஸ்திரி. எப்படியும் இது வேலை செய்யாது" என்றான் பிரவீன்.

"வேலை செய்யும்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி சமையல்கட்டு வாசலில் முறத்தோடு நின்றிருந்தார். மேஸ்திரியின் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். மண்டியிட்டேன். ஜாலியைக் கழற்றினேன்.

உளியில் நாலு தடவை அடித்ததும் பூச்சு உடைந்தது. சாக்கைப் பிடித்து இழுத்தேன். குடல் மாதிரி நீளமாக வந்துகொண்டே இருந்தது. கடைசித் துணுக்கும் வந்ததும் அந்தப் பொந்துக்குள் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. முகத்தில் காற்று அடித்தது.

சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுவத்தியை எடுத்துப் பற்றவைத்து ஓட்டை முன்னால் பிடித்தேன். புகை ஒரு நொடி நின்றது. அப்புறம் கணப்புப் பக்கம் சாய்ந்து, வளைவுக்குக் கீழே நுழைந்து, மேலே போய்விட்டது. பிரவீன் பழைய பேப்பரும் சுள்ளியும் கொண்டு வந்து வைத்தான். ஜன்னல்களை அவனே மூடினான். பற்றவைத்தான்.

ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை. நாகராஜ் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எப்போ அடைச்சே தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"பத்த வெக்கறதுக்கு மொத நாளு அண்ணி."

"அவரு உன்னை அனுப்பினாரே. போய்ப் பாத்துட்டு வான்னு."

"ஆமா அண்ணி."

அண்ணி அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தார். "நான் அவரை இன்னா பேச்சு பேசினேன் தெரியுமா? அன்னிக்கு மட்டுமா? எத்தினி தபா. தப்புக் கணக்குக்காரன்னு சொல்லிச் சொல்லி. ஒரு தபாகூட எதுத்துப் பேசலியே மனுசன். ஒத்துகினாருன்னு நெனச்சிகினேன்."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பாரத்தைத் தூக்கி அண்ணி தலையில் வைத்ததுதான் நடந்தது.

முறத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணி சொன்னார்: "நீ வாராவாரம் எழுதறே இல்ல. லைன்ல எல்லாரும் படிக்கறாங்க இல்ல. அதுல எழுது."

"இன்னான்னு அண்ணி?"

"உன்னைப் பத்தி ஒண்ணும் வேணாம். அவரு கணக்கு சரின்னு எழுது. அது போதும்."

ஷூ ரேக் திட்டத்தைப் பிரவீன் கைவிட்டுவிட்டான். ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் அவனே கட்டை வைத்துப் பற்றவைக்கிறான். பிரம்பு நாற்காலியைக் கணப்பைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறோம். அதில் யாரும் உட்காருவதில்லை. அண்ணி கூடத்துக்கே வருவதில்லை, சமையல்கட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணி கேட்டபடி எழுதுகிறேன். பத்தில் ஒரு பங்கு சரி. முகட்டுக்கு மேல் இரண்டு அடி சரி. மேற்குச் சுவர் சரி. கொசு மருந்து வண்டி என்று சிரித்தவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

என்னைப் பற்றி வேண்டாம் என்றார். ஆனால் அண்ணன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போய்ப் பாத்துட்டு வந்துட்டேண்ணா. ஓட்டை திறந்து இல்ல. நான்தான் அடைச்சேன்.